நிழலில் வளராத மகோகனி

நாற்காலியாகவும் மேசையாகவும் உலகம் அறிந்த மகோகனி, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். தெற்கு மெக்சிகோவிலிருந்து பொலிவியா வரையிலான காடுகள் அதன் தாயகம். பெலீஸ் நாட்டுக் கொடியிலேயே மகோகனியும் மரம்வெட்டிகளும் இருக்கிறார்கள். ஆனால் இந்த அகன்ற இலை மகோகனிக்கு அறிவியல் பெயர் கிடைத்தது கல்கத்தாவில். ஹோண்டுராஸ் விதையிலிருந்து அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்த மரங்களைப் பார்த்து, 1886இல் தாவரவியலாளர் ஜார்ஜ் கிங் அதை விவரித்தார்.

அதன் காயைப் பாருங்கள். கையகலத்தை மிஞ்சும், தொங்காமல் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். வறண்ட பருவத்தில் கெட்டியான ஓடு அடியிலிருந்து ஐந்தாகப் பிளந்து உதிரும். உள்ளே ஐந்து பட்டையுள்ள நடுத்தண்டைச் சுற்றி, கூரை ஓடு வேய்ந்தாற்போல, இறக்கையுள்ள பழுப்பு விதைகள். காற்றடித்தால் சுழன்றபடி இறங்கும். பெரும்பாலானவை தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை.

மழை வந்ததும் அவை எளிதில் முளைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அடர்ந்த நிழலில் கன்று சில ஆண்டுகளில் நலிந்து மடிகிறது. புயலோ தீயோ காட்டை அழித்த இடத்தில், தப்பி நிற்கும் முதிய மகோகனி விதை தூவினால் அங்கே ஒரு தலைமுறையே எழும்.

மரம்வெட்டுவோர் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது பருத்த மரங்களை. அதிகம் விதைப்பவையும் அவைதான். பல நேரம் விதை உதிரும் முன்பே வெட்டு விழுகிறது. ஒற்றை மரம் சாய்ந்த சிறு இடைவெளியைக் கொடிகள் விரைவில் மூடிவிடுகின்றன. அமேசானில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு முதிர்ந்த மகோகனிகூடத் தேறாத இடங்கள் ஏராளம். எங்கோ நிற்கும் ஒரு மரத்துக்காகக் காட்டின் நடுவே சாலை போட்டார்கள். மகோகனியின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 2002இல் எடுத்த முடிவு 2003இல் நடைமுறைக்கு வந்தது.

தோட்டமாக வளர்க்கலாமே என்றால், குருத்துத் துளைப்பான் புழு நுனிக்குருத்தைக் குடைந்துவிடும். பக்கக் கிளைகள் வெடித்து, நேரான அடிமரம் என்ற மதிப்பே போய்விடும். வரப்பில் மகோகனி வைத்த தமிழக விவசாயிகளும் கவனிக்க வேண்டிய பூச்சி இது. அந்தப் புழு இல்லாத ஃபிஜியில் பெருந்தோட்டங்கள் செழித்தன.

வெட்டத் தகுந்த மரங்களில் ஐந்தில் ஒன்றையாவது விதைக்காக விட வேண்டும் என்று பிரேசில் விதி வகுத்தது. நல்ல விதிதான், ஆனால் பாதி வேலை. விட்ட மரத்தின் அருகே வெயில் இறங்கும்படி இடம் திறந்து, கன்றுகளைச் சுற்றிக் கொடிகளை அகற்றிக்கொண்டே இருந்தால்தான் அந்த விதைகள் மரமாகும்.