குழாய்நீர் எங்கே கெடுகிறது?



மஞ்சள்காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடும் நம்மவர்கள், வீட்டுக் குழாயை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. "தாமிரபரணித் தண்ணீர்தானே ஐயா குடிக்கிறோம்!" என்று வார்டில் அநேகர் என்னிடம் கேட்பதுண்டு.

அது பாதி உண்மை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலருகே கடலைச் சேரும் நமது ஆற்றின் மணலில் உறைகிணறுகள் இறக்கி, அவற்றில் ஊறும் நீரை நெடுங்காலமாகத் திருநெல்வேலிக்கு எடுத்துவருகிறார்கள். மணல் இயற்கையான வடிகட்டி. பின்பு குளோரினும் சேர்க்கிறார்கள். அப்படியானால் நீர் கெடுவது எங்கே? பல வேளைகளில் நம் வாசலுக்கு அருகே, கடைசிச் சில அடிகளில்தான்.

தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டியே போகின்றன. நீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் உண்டு. விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியுமேயன்றி எதுவும் உள்ளே வராது. நீரை நிறுத்தியதும் அழுத்தம் போய்விடுகிறது. அப்பொழுது அதே விரிசல் வழியாகச் சுற்றிலும் தேங்கிய அழுக்குநீர் உள்ளே புகும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள், அயலாருக்கு வரவேண்டிய நீரை மட்டுமல்ல, சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறார்கள். முதலில் வரும் நீரைச் சற்றுநேரம் ஓடவிட்டுப் பிறகு குடம் வைப்பது நம் தாய்மாரின் நல்ல வழக்கம்.

கிணறு உள்ள வீடுகளில் ஆபத்து வேறு விதம். செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தமாக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கெட்டியானதை அடியில் தங்கவைக்கும், அவ்வளவே. மறுபக்கம் வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் கிருமிகள் நிறைந்தது. அதை உறிஞ்சுகுழியில் விட்டு மண் வடிகட்டவேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்கட்டும். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பாறை நிலத்தில் அதுவும் போதாமல் போகலாம். பாறை வெடிப்பில் நீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும். தெருச் சாக்கடையில் விட்டாலோ அது கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. அதே ஆற்றிலிருந்து கீழே வல்லநாட்டருகே தூத்துக்குடி மக்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்.

2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது, இந்தப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடங்களில் கிணறு எது, சாக்கடை எது என்ற வேறுபாடே அழிந்துபோயிற்று. அத்தகைய நாட்களில் நீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டும். வெதுவெதுப்பாக்கினால் பயனில்லை. தளதளவென்று கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து இறக்கினால் காமாலைக் கிருமியும் சாகும். ஆறியபின் மூடிவைத்து, கைபடாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு குடியுங்கள்.