கதிர்ச் சிகிச்சைக்குப் பின் இருதயக் காப்பு

மும்பையில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த ஓர் அம்மையார், கணவரின் உத்தியோக மாற்றத்தால் நாகபுரிக்குக் குடிபெயர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுகள் கழித்து மார்பு வலி காண்கிறது. பழைய சிகிச்சையைப் பற்றிப் புதிய வைத்தியர் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஊர் மாறி வாழும் நம்மவரிடையே இது எளிதில் நேரக்கூடியதே.

புற்றை அழிக்கும் கதிர்கள் அருகிலுள்ள இருதயத்தையும் ஓரளவு தீண்டுகின்றன. இடப்பக்க நோயில் இது மிகுதி. இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்களின் உட்படலம் புண்படுகிறது. அங்கே அழற்சி உண்டாகி, கொழுப்புப் படிந்து, குழாய் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறுகுகிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை இச்சிகிச்சை பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. இருதயம் ஏற்ற சராசரிக் கதிரளவு ஒரு கிரே கூடுந்தோறும் மாரடைப்பு முதலிய அபாயம் 7.4 சதவிகிதம் உயர்ந்தது. அது ஐந்தாண்டுகளுக்குள் தொடங்கி, இருபதாண்டுகளுக்கு அப்பாலும் நீடித்தது. நூற்றில் ஏழு பேருக்கு மாரடைப்பு வரும் என்பதல்ல இதன் பொருள். முன்பே உள்ள அபாயம் அந்த அளவு பெருகுகிறது என்பதே. இதற்கு அஞ்சிச் சிகிச்சையை மறுப்பது பெரும் பிழை. மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் செய்து, இருதயத்தை விலக்கிக் கதிர் செலுத்தும் முறை இன்று உண்டு.

மருந்தால் இதைத் தடுக்கலாகுமா? ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த பொருளே ஸ்டாட்டின் மருந்துகளுக்கு மூலம். இவை கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கின்றன, அழற்சியையும் தணிக்கின்றன. ஆயினும், கதிர்ச் சிகிச்சை பெற்றவர் அனைவரும் உண்ணத்தக்கது என்று நிலைநாட்டப்பட்ட மருந்து எதுவும் இன்று இல்லை என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். வயது, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் இவற்றோடு பழைய கதிரளவையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தே வைத்தியர் ஸ்டாட்டின் தருவார். கொதிப்பு இருப்பின் அதற்கு உரிய மாத்திரையை இடைவிடாமல் உண்பதும் இருதயக் காப்பே. மருந்து தொடங்கிய பின் தசைவலி கண்டால் தெரிவிக்க வேண்டும். கருவுற எண்ணும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டாருக்குப் பயன்பட்டதென்று ஆஸ்பிரினைத் தாமாகத் தினமும் விழுங்குவோரும் உளர். அதனால் இரைப்பையில் இரத்தம் கசியலாம்.

இவ்வளவுக்கும் ஆதாரம் சிகிச்சைத் தாள். எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எத்தனை கிரே, உடன் செலுத்திய மருந்துகளின் பெயர் யாவும் அதில் இருக்கும். அம்மருந்துகளுள் டாக்ஸோரூபிசின் போன்ற சில இருதயத் தசையையே தாக்கக்கூடியவை. ஆதலின் பெயர் அவசியம். தாள் தொலைந்திருந்தால், சிகிச்சை தந்த மருத்துவமனைக்குப் பதிவெண்ணைக் குறிப்பிட்டு எழுதிப் பிரதி கேட்கலாம். மூலம் சொந்த ஊரில் தாயாரின் இரும்புப் பெட்டியில் இருப்பினும், ஒரு பிரதி தம் கையில் இருக்கட்டும்.