குடகில் மழை, தஞ்சையில் நாற்று

காவிரி மலையில் பிறக்கும் ஆறு. குடகு மலையில், தலைக்காவிரியில் தோன்றும் இவ்வாற்றுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர் தருவது தென்மேற்குப் பருவமழை. அம்மழை தஞ்சையில் குறைவு. இங்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே ஆற்றுப் பாசன விவசாயி தம் ஊர் வானத்தைப் பார்த்துக் குறுவையை முடிவு செய்ய இயலாது.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். 2024-ஆம் ஆண்டு அந்நாளில் அணையில் போதிய நீர் இல்லை. ஜூலை நடுவில்கூட நீர்மட்டம் 50 அடிக்குக் கீழேதான். பின்னர் குடகிலும், கபினி உற்பத்தியாகும் வயநாட்டிலும் கனமழை கொட்டியது. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளின் உபரிநீர் பாய்ந்து வரவே, 28-இல் மேட்டூர் திறக்கப்பட்டது. 30-இல் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் நீர் நிறைய ஓடியது; குறுவைப் பட்டம் மட்டும் போய்விட்டது! ஆடியில் விதைக்கும் குறுவை, ஐப்பசி அடைமழையில் அறுவடைக்கு வரும். கதிர் சாய்ந்து முளைத்துவிடும்.

பம்புசெட் இல்லாதோர் ஜூன் தொடக்கத்தில் அணையின் நீர் இருப்பைப் பார்த்த பின்னரே குறுவை நாற்றங்கால் விடவேண்டும். இருப்பு குறைவெனில் குறுவையை விட்டுவிட்டு, ஆகஸ்டில் சி.ஆர். 1009 போன்ற நீண்டகால சம்பா ரகத்தை விதைப்பதே மேல். மேட்டூரில் திறந்த நீர் கல்லணை சேரவே மூன்று, நான்கு நாட்களாகும். கடைமடைக்கு மேலும் நாளாகும். விதை ஊறப்போடும் நாளை அதற்கேற்பக் கணக்கிடவேண்டும்.