சிவப்பு மருந்தும் ஒரு தெர்மாமீட்டரும்

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. காலையில் காபி கொண்டுபோனபோது போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். "ராத்திரியே லேசா சூடு இருந்துச்சுடி. டப்பாவுல கிடந்த காய்ச்சல் மாத்திரை ஒண்ணு போட்டேன், விட்டுருச்சு. இதுக்குப் போய் உன்னை எதுக்கு எழுப்பணும்?" என்றார். கை சில்லிட்டிருந்தது, பேச்சில் தெம்பில்லை. ஆட்டோ பிடித்து ஓடி, ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டிய வெள்ளை அணு இருநூறுக்குப் பக்கத்தில் நின்றது. ஆறு நாள் வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

அந்த 'எதுக்கு எழுப்பணும்' இன்னும் என் காதில் இருக்கிறது. பிரசவ வலியிலிருந்து பல்வலி வரை பொறுத்துப் போவதையே குணமென்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் நம் வீட்டில் இருப்பவர்கள். கீமோ நாட்களில் அந்தக் குணம் ஆளைக் கொன்றுவிடும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அதனால் இங்கே சொல்லப்போவது எந்த வீட்டுக்கும் நாளைக்குத் தேவைப்படலாம்.

எங்கள் மீதும் தவறு உண்டு, மருத்துவமனை மீதும் உண்டு. முதல் நாள் கையில் கொடுத்த தாளில் அடுத்த தேதி இருந்தது, கட்ட வேண்டிய தொகை இருந்தது. காய்ச்சல் வந்தால் ராத்திரி எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று ஒரு வரி இல்லை. கேட்டிருக்க வேண்டும், எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணு எதுவானாலும் அடிக்கும். புற்று அணுவோடு சேர்த்து முடியின் வேர், வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடிவாங்குவது அதனால்தான். மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணு பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு தானாக மேலேறும். அதில் நியூட்ரோபில் என்ற வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய்விட்டால், கிருமி உள்ளே நுழைந்தாலும் சீழ் பிடிக்காது, வீங்காது, சளிகூடக் கட்டாமல் இருக்கலாம். அதையெல்லாம் உண்டாக்குவதே வெள்ளை அணுதானே. மிஞ்சியிருக்கும் ஒரே அறிகுறி காய்ச்சல். பாரசிட்டமால் போட்டால் அதையும் துடைத்துவிடுகிறோம்.

அதனால் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில் வராது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமலே நடுக்கம், மயக்கம், மூச்சு வாங்கல் வந்தாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிட்டாவது போய்விட வேண்டும். அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, காய்ச்சல் இவ்வளவு." இதைச் சொல்லாமல் 'ரெண்டு நாளா காய்ச்சல்' என்று வரிசையில் உட்கார்ந்தால் வைரல் காய்ச்சலென்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அடுத்த சைக்கிளில், அதாவது அடுத்த முறை கீமோ போடுவதில் இருந்து, வெள்ளை அணுவை ஏற்றும் 'கவுன்ட் ஊசி' போடச் சொல்லலாம். அதைப் போட்டால் இடுப்பும் முதுகெலும்பும் குடைவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வலிக்கு எந்த மாத்திரை, எப்போது என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். அதிலும் காய்ச்சல் பார்த்த பிறகுதான் மாத்திரை.

இப்போது சிவப்பு மருந்துக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் முறைகளில் ஒன்று, டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு முறை, அதன்பின் பேக்லிடாக்செல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை. டாக்ஸோரூபிசின் ரோஸ்மில்க் எசென்ஸ் மாதிரி சிவந்திருக்கும். அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் சிவந்து போகும். அது மருந்தின் நிறம்தான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ரத்தம் போகிறது என்று கழிப்பறையிலேயே உட்கார்ந்து அழுத ஒரு அக்காவை டே கேரில் பார்த்தேன். இந்த மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையை அரித்துவிடும். டிரிப்ஸ் ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ, உப்பினாலோ அந்த நிமிடமே கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். 'சிஸ்டர் பிஸியா இருக்காங்க' என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நரம்பு கிடைக்காமல் ஐந்தாறு இடத்தில் குத்துகிறார்கள் என்றால் கீமோ போர்ட் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். டாக்ஸோரூபிசின் இதயத்தைத் தளர்த்தக்கூடியது என்பதால் எக்கோ எடுக்காமல் ஆரம்பிக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமிக்கான ரத்தப் பரிசோதனையும் முன்பே செய்ய வேண்டும். கீமோவில் உடல் தளரும்போது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கிருமி விழித்துக்கொள்ளலாம்.

வாந்தியைப் பற்றிச் சினிமா நமக்குக் காட்டியது பழைய கதை. இன்றைக்கு ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின் என்று நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வாந்தியை அடக்கிவிட முடியும். குமட்டல் வந்த பிறகு போடலாம் என்று மாத்திரையை மிச்சம் பிடிப்பதில்தான் தவறு நடக்கிறது. அது வருமுன் போட வேண்டிய மாத்திரை. ஓலன்சபினை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரைய எனக்கு எழுதியிருக்காங்க" என்று சித்தி ஒருநாள் பேசவே இல்லை. மனநோய்க்கும் அதே மருந்துதான், உண்மை. குமட்டலுக்குக் குறைந்த அளவில் சில நாட்கள்தான் கொடுக்கிறார்கள். ராத்திரியில் போட்டால் நன்றாகத் தூக்கம் வரும், அது பல பேருக்கு வரம். பகலெல்லாம் கிறங்கினால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். டெக்ஸாமெத்தசோன் அதற்கு நேர்மாறு, தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அந்த நாட்களில் இரட்டிப்புக் கவனமாக ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும். இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நான்கு நாள் வயிறு உப்பிக் கிடப்பவர்கள் ஏராளம். இளக்கி மருந்தைச் சேர்த்தே எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஊரே வைத்தியர். பப்பாளி இலைச் சாறு, கோதுமைப் புல், இனிப்பே தொடாதே, பாலைத் தொடாதே. எடை இறங்கி, கவுன்ட் இறங்கிக் கிடக்கும் பெண்ணுக்குப் பத்தியம் போடுவது அவரைப் பட்டினி போடுவதுதான். இட்லி, முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் உள்ளே போக வேண்டும். நன்றாக வெந்தது, அன்றன்றைக்குச் சமைத்தது என்ற இரண்டும் போதும். ஹாஃப்பாயிலும் காய்ச்சாத பாலும் வேண்டாம். சமையலில் போடும் மஞ்சளால் பாதகமில்லை. டப்பாவில் விற்கும் குர்குமின் மாத்திரையும் லேகியமும் வேறு கதை, அவை கீமோ மருந்தோடு மோதக்கூடும். மருத்துவரிடம் காட்டாமல் எதையும் விழுங்கக் கூடாது. சித்திக்குத் தாளிக்கிற வாசனை பட்டாலே குடலைப் புரட்டியது. வீட்டில் சமைத்து முடித்து, ஆறியபின் மோர்சாதமாகக் கொண்டுவந்து கொடுத்தால் இரண்டு கரண்டி இறங்கும். சூடு ஆறினால் வாசனை அடங்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

வாய்ப்புண்ணுக்கு மிருதுவான பிரஷ், காரம் குறைத்த சாப்பாடு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்பும் ஆப்ப சோடாவும் கலந்து நாளைக்கு நான்கைந்து தடவை கொப்பளிப்பது. தண்ணீர்கூட முழுங்க முடியாத நிலை வந்தால் வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டிவிடும், பிறகு வளரும். கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்ப்பதைவிட முன்பே கட்டையாக வெட்டிக்கொண்டால் மனசு கொஞ்சம் தாங்கும் என்பது சித்தியின் அனுபவம்.

வெளியில் தெரியாத கெடுதல் ஒன்று இருக்கிறது. பேக்லிடாக்செல் தொடங்கிய சில வாரத்தில் விரல் நுனி மரத்துப் போகலாம். சித்தி முதலில் மெட்டி கழன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை. அப்புறம் செருப்பு கழன்றதும் தெரியாமல் நான்கு அடி நடந்தார். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாம்" என்று முடித்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் மருந்தைத் தொடர்ந்தால் மரத்தல் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றுவிடும். சொன்னால் அளவைக் குறைப்பார்கள், ஒரு வாரம் தள்ளுவார்கள், தேவைப்பட்டால் மருந்தையே மாற்றுவார்கள். அளவைக் குறைத்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில்தான் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதை எடைபோடுவது மருத்துவர் வேலை, நாம் அவருக்கு உண்மையைக் கொடுத்தால் போதும். மருந்து ஏறும்போது கை கால் விரல்களுக்கு உறைபனி உறை மாட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

குழந்தை பெற நினைக்கும் வயதுப் பெண்களிடம் ஒன்று. கீமோ சினைப்பையைப் பாதிக்கும், மாதவிலக்கு நிற்கலாம். கருமுட்டையை எடுத்து உறைய வைப்பதென்றால் முதல் ஊசிக்கு முன்பே செய்ய வேண்டும். இதைப் பற்றி மருத்துவர் பேச்செடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்றால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று நம்பிக் கருத்தடையை விட்டுவிடவும் கூடாது.

பணத்துக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு, கீமோவும் அதில் அடக்கம். கேட்க மறக்கும் கேள்வி இது: கவுன்ட் இறங்கிக் காய்ச்சலில் படுத்தால் அந்தச் செலவு எந்தக் கணக்கில் வரும்? திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் கீமோவுக்கு 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது டே கேர் சிகிச்சையில் வரும். கிளெய்மை மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேறு ஆலையிலோ வேலை பார்ப்பவர்கள் ஈ.எஸ்.ஐ.யை வெறும் மருந்துச் சீட்டாகவே பார்க்கிறார்கள். புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று அதில் இருக்கிறது. சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. இரண்டு ஆண்டு வேலையும் போதுமான சந்தா நாட்களும் இருக்க வேண்டும். தெரியாமல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ராஜினாமா எழுதுமுன் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ரயிலில், மருத்துவமனை தரும் படிவத்தை முன்பதிவு கவுன்ட்டரில் கொடுத்தால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் குறையும். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள் சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்கள் என்றால் ஒரு லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம்.

எது சட்டத்துக்கு முன் நிற்கும், எது நிற்காது என்பதிலும் தெளிவு வேண்டும். பக்கவிளைவு வந்தது என்பதற்காக மட்டும் மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. மருந்து கசிந்ததைச் சொல்லியும் கவனிக்காமல் விட்டது, சம்மதப் படிவத்தை விளக்காமலே கையெழுத்து வாங்கியது, காய்ச்சலோடு போனவரைத் திருப்பி அனுப்பியது, இவற்றைக் கேள்வி கேட்கலாம். விளக்கம் இல்லாத சம்மதம் சம்மதமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொன்னது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. முதலில் அதை வாங்குங்கள், சண்டையை அப்புறம் பார்க்கலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100-இல் கூப்பிடுங்கள். மருந்தே வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால் அதை அரசின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே 1800 180 3024-இல் சொல்லலாம்.

இரண்டாவது சைக்கிளுக்குப் போனபோது சித்தி நர்ஸிடம் ராத்திரி எண்ணைக் கேட்டு வாங்கினார். சமையலறைக் காலண்டரில் அதை எழுதி, மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வட்டம் போட்டார். ஐந்தாவது பேக்லிடாக்செல் முடிந்த மூன்றாம் நாள், நடு ராத்திரி இரண்டரை மணிக்கு என் தோளை உலுக்கினார். கையில் தெர்மாமீட்டர்.

"99.2 தான்டி. இருந்தாலும் எழுப்பிட்டேன்."

அரை மணி கழித்து மறுபடி பார்த்தோம். 98.8. இருவருக்கும் டீ போட்டேன்.