பஸ் என்ன உங்க வீடா?
சென்ற மாதம் ஏழு வயது மகனுடன் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். அவனுக்கு வீசிங் உண்டு. மழை என்று ஷட்டர்களை இறக்கியிருந்தார்கள். முன் சீட்டுப் பெரியவர் பீடி பற்ற வைத்தார். புகை போக வழியில்லை. பிள்ளைக்கு மூச்சு இரைத்தது.

"அணைச்சிடுங்க ஐயா" என்றேன்.

"பஸ் என்ன உங்க வீடாம்மா?"

கண்டக்டர் கண்டுகொள்ளவே இல்லை. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்று 2003-லேயே சட்டம் வந்தாயிற்று, யார் வசூலிப்பது? பின் சீட்டுப் பூக்காரம்மாதான், "உங்க பேரனா இருந்தா பிடிப்பீங்களா?" என்று அதட்டினார். பீடி அணைந்தது. இன்ஹேலர் கொடுத்தும் மகன் தேற அரை மணி ஆயிற்று.

வீட்டில் சொன்னேன். தினமும் ஹாலில் சிகரெட் பிடிக்கும் என் கணவர், அன்றிரவு வாசலுக்குப் போனார்.

- ஒரு வாசகி, துறையூர்.