சூலுத் தீவுகளின் கறுப்பு ஆணம்



தேங்காய் வறுக்கும்போது சற்றே கருகிவிட்டால் நாம் என்ன செய்வோம்? அதைக் கொட்டிவிட்டு, வேறு தேங்காயைத் துருவ உட்காருவோம். ஆனால், தேங்காயைக் கரியாகும்வரை சுட்டு, அந்தக் கரியையே அரைத்து ஆணம் காய்ச்சி, விருந்தினருக்குப் பெருமையோடு பரிமாறும் முஸ்லிம் மக்களும் இருக்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்கோடியில், சூலுத் தீவுக்கூட்டத்தில் வாழும் தவ்சுக் இனத்தவரே அவர்கள். அவர்களது மாட்டிறைச்சி ஆணத்தின் பெயர் 'தியூலா இத்தும்'. 'இத்தும்' என்றால் கறுப்பு.

பிலிப்பைன்ஸ் என்றதும் கிறிஸ்தவ நாடு என்பதே நம் நினைவுக்கு வரும். ஆயினும், ஸ்பானியர் 1565-இல் அங்கே குடியேறுமுன்பே, 15-ஆம் நூற்றாண்டில் சூலுவில் சுல்தான்களின் ஆட்சி வேரூன்றியிருந்தது. வடபகுதி மக்கள் சமைக்கும் கல்தெரேத்தா, மெச்சாடோ ஆகிய இறைச்சிக் குழம்புகளுக்கு ஸ்பானியப் பெயரும் தக்காளிச் சாறும் வந்து சேர்ந்தன. தெற்கிலோ, மஞ்சளும் அரத்தையும் தேங்காயும் கூடிய பழைய சுவை நிலைத்தது. 1974-இல் நடந்த போரில் ஜோலோ நகரம் தீக்கிரையானபோது, தவ்சுக் மக்கள் பலர் மலேசியாவின் சபா மாநிலத்தில் தஞ்சம் புகுந்தனர். வீடு வாசலை இழந்தவர்களோடு இந்த ஆணமும் கடல் கடந்தது. நிக்காஹ் விருந்துக்கும் பெருநாளுக்கும் இன்றும் அவர்கள் விரும்பிச் சமைப்பது இதுவே.

தேவையான பொருட்கள்:
எலும்புடன் கூடிய மாட்டிறைச்சி – 1 கிலோ
முற்றிய தேங்காய் – 1 மூடி
சின்ன வெங்காயம் – 15
பூண்டு – 8 பல்
இஞ்சி – 2 அங்குலத் துண்டு
பச்சை மஞ்சள் – 1 அங்குலத் துண்டு (அல்லது மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி)
பேரரத்தை – சிறு துண்டு
எலுமிச்சைப் புல் – 3 தண்டு
பச்சை மிளகாய் – 6
மிளகு – 1 தேக்கரண்டி
எண்ணெய், உப்பு – தேவையான அளவு

பேரரத்தை நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்ததாகக் கிடைக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்துத் தட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த அரத்தைக்குக் காரம் மிகுதி. ஆகவே அளவு மீற வேண்டாம்.

செய்முறை:
தேங்காயைச் சில்லுகளாகக் கீறி, அடுப்புத் தணலில் நேரடியாகச் சுடுங்கள். தணல் இல்லாத வீடுகளில், துருவிய தேங்காயை இரும்புச் சட்டியில் எண்ணெயின்றி வறுக்கலாம். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை எழும்.

இந்தச் சமையலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தேங்காய் சிவந்ததும் நம் கை தானாகவே அடுப்பை அணைக்கப் போகும். அணைக்காதீர்கள்! அரைகுறையாகச் சுட்ட தேங்காய் எண்ணெய் கக்கி, ஆணத்தை மங்கிய பழுப்பாக்கிவிடும். முழுவதும் கறுத்து, கையால் நொறுக்கினால் பொடியும் பதம் வர வேண்டும். அதற்கு மேலும் விட்டால் வெண்சாம்பலாகி, ருசி போய்விடும். எனவே, அருகிலேயே நின்று கவனியுங்கள். ஆறிய பின் சிறிது நீர் விட்டு, மை போல் அரைத்தெடுங்கள்.

இஞ்சி, மஞ்சள், மிளகு, பாதி வெங்காயம் ஆகியவற்றையும் அரைத்து, கறுப்பு விழுதோடும் உப்போடும் கலந்து, இறைச்சியில் பூசி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சட்டியில் எண்ணெய் ஊற்றி, மீதி வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தட்டிய அரத்தையையும் எலுமிச்சைப் புல்லையும் சேருங்கள். மணம் வந்ததும் இறைச்சியைப் போட்டுப் பிரட்டி, 6 குவளை நீர் ஊற்றி, இளந்தீயில் 2 முதல் 3 மணி நேரம் வேகவிடுங்கள். இறக்குவதற்குச் சற்று முன் மிளகாயைக் கீறிப் போடுங்கள். ஆணம் நீர்க்கவே இருக்க வேண்டும், கெட்டியாக்க வேண்டாம்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆட்டிறைச்சியில் செய்யலாம்; சூலுவிலும் அவ்வாறு செய்வதுண்டு. அவர்கள் இதைச் சோற்றுடனும், துருவிப் பிழிந்து வறுத்த மரவள்ளிக் கிழங்குடனும் உண்கின்றனர். நம் சஹனைப் போலவே, ஒரு பெரிய தாலத்தில் உணவை வைத்து, சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் அவர்களிடமும் உண்டு.

முதன்முறை பரிமாறும்போது, நிறத்தைக் கண்டு பிள்ளைகள் முகம் சுளிக்கக்கூடும். கடல் கடந்து வாழும் நம் சகோதரர்களின் பெருநாள் உணவு இது என்று சொல்லி, ஒரு கவளம் ஊட்டிப் பாருங்கள். அடுத்த கவளத்தை அவர்களே கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.