உறழ்பொருவும் உம்மையும்

குற்றாலத்துப் பேரருவி, சிற்றருவி என்னும் பெயர்களை நோக்குவோம். ஒன்று மற்றொன்றினும் பெரிது என்பது இவற்றான் விளங்கும். ஆயின் மிகுதி காட்டும் உருபு ஈண்டு யாதும் இல்லை. ஸ்பானிய மொழியிலோ, உயரத்தைக் குறிக்கும் 'ஆல்தோ' என்னும் பெயரடை, 'மாஸ் ஆல்தோ' என மிகுதிச்சொல் பெற்றே உறழ்நிலை எய்தும். 'எல் மாஸ் ஆல்தோ' எனச் சார்படை முன் நிற்பின் உச்சநிலையாம். பெயரடையோடு ஒட்டி இந்நிலைகளைக் காட்டும் விகுதிகள் திராவிட மொழிகளில் இன்மையை, நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற் சுட்டினார். இது குறையன்று, தமிழ் அப்பணியை வேற்றுமையிடம் ஒப்புவித்தது.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'பனியின் தண்ணிது அருவி' என்புழி, ஐந்தாம் வேற்றுமை 'இன்' உருபு, பனிபோலத் தண்ணிது என ஒப்பையும், பனியைக் கடந்து தண்ணிது என உறழ்வையும் ஒருங்கே தரும். செய்யுட்கு உரை காண்பார் ஒன்றைத் துணிந்தே ஆகவேண்டும். துணிவு பிறழின் புலவன் கருத்தே பிறழும். 'பனியினும்' என உயர்வுசிறப்பும்மை ஏறியவழி ஐயம் அகன்று உறழ்பொருவே எஞ்சும். 'அருவி எல்லாவற்றினும் பெரிது' என முற்றுப்பொருட்சொல் சேர, உச்சநிலையும் அவ்வாறே அமையும்.

தென்காசிப் பேச்சில் 'அதைவிட இது பெரிசு' என்பர். இவ்வழக்கில் ஒப்புப்பொருளுக்கு இடமே இல்லை. பழைய உருபின் ஐயத்தைப் பேச்சுத்தமிழ் தானே களைந்துகொண்டது என்பது எம் கருத்து. கொச்சை என இதனை ஒதுக்குவார் அந்நயத்தை நோக்கிற்றிலர்.